நிற்காத மாதவிடாயும் மருந்துக்கடை மாத்திரையும்: எங்கே தவறுகிறோம்?

மாதவிடாய் எட்டு நாளைத் தாண்டியும் நிற்கவில்லை என்றால், நம் வீடுகளில் முதலில் நடப்பது யாராவது ஒருவர் மருந்துக்கடைக்குப் போவதுதான். "ரத்தம் நிக்க மாத்திரை வேணும்." பல கடைகளில் வயது கேட்பதில்லை, கர்ப்பமாக இருக்குமோ என்று கேட்பதில்லை, அட்டையைக் கத்தரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் சில நாளில் படுவது நின்றும்விடும். ஏன் இத்தனை நாள் போனது என்று அதற்குப் பிறகு யாரும் யோசிப்பதில்லை.

அந்த அட்டையில் இருப்பது அநேகமாக நோரெத்திஸ்டிரோன். கல்யாணம், கோயில் திருவிழா என்று தேதியைத் தள்ளிப்போடப் பெண்கள் வாங்குவதும் இதே மாத்திரைதான். புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைப் போல வேலை செய்து, கர்ப்பப்பையின் உட்படலத்தை உதிராமல் பிடித்துவைக்கும். நிறுத்தியதும் பிடி விட்டுப்போகும். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் மறுபடி ரத்தம் வரும். அப்படி வருவதுதான் இயல்பு. இதை முன்கூட்டிச் சொல்ல ஆளில்லாததால், "பழையபடி ஆரம்பிச்சுடுச்சு" என்று பயந்து அடுத்த அட்டை வாங்குகிறார்கள். இந்தச் சுழலிலேயே மாதக்கணக்கில் கிடப்பவர்கள் உண்டு. மாத்திரை கெட்டதல்ல; மருத்துவர்களும் எழுதுகிறார்கள். ஆனால் காலில் ரத்தக்கட்டு (ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைப்பது) வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், கர்ப்பமாக இருக்க வாய்ப்புள்ளவர்கள் தாங்களாக இதைத் தொடக்கூடாது.

டிரானெக்சாமிக் அமிலம் வேறு வகை. அது ஹார்மோன் அல்ல. உறைந்த ரத்தம் கரைவதைத் தடுத்துப் போக்கைக் கணிசமாகக் குறைக்கும். படுகிற நாள்களில் மட்டும், அதுவும் நாலைந்து நாளுக்குத்தான் தருவார்கள். ரத்தக்கட்டு வந்தவர்களுக்கு இதுவும் ஆகாது. இரண்டும் "ரத்தம் நிக்கற மாத்திரை" என்ற ஒரே பெயரில் போவதால், பக்கத்து வீட்டம்மாவுக்குக் கேட்டது நமக்கும் கேட்கும் என்று நினைத்துவிடுகிறோம்.

எதை விழுங்குவதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது கர்ப்பம். நாள் தள்ளிப்போய், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பல நாள் பட்டுக்கொண்டே இருந்தால் அது மாதவிடாயாகவே இல்லாமல் இருக்கலாம். கருக்கலையும் நிலையாக இருக்கலாம், கரு கர்ப்பப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருக்கலாம். ஒரு பக்க அடிவயிற்று வலி, தோள்பட்டை வலி, கண் இருட்டுவது இவை சேர்ந்தால் தாமதிக்கக் கூடாது. "எனக்குத்தான் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் ஆயிடுச்சே" என்று சிறுநீர்ப் பரிசோதனையைத் தள்ளுவது பெரிய பிழை. அந்த ஆபரேஷனுக்குப் பிறகு கரு தங்குவது அரிது. தங்கினால் குழாயில் தங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

நாள் கணக்கிலும் குழப்பம் இருக்கிறது. நன்றாகப் படுகிற நாள்களை மட்டும் எண்ணிவிட்டு, முன்னும் பின்னும் கறையாக வருவதை விட்டுவிடுகிறார்கள். மருத்துவர் கேட்கும்போது "அஞ்சு நாள்தான்" என்று பதில் வருகிறது. ஒரு சொட்டு பட்டாலும் காலண்டரில் குறியுங்கள். எட்டு நாளுக்கு மேல் போனால் நீடித்த உதிரப்போக்கு. சுழற்சி 24 நாளுக்குள் திரும்புவதும் இயல்பல்ல. அளவுக்கும் ஓர் அடையாளம் உண்டு: ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுதாக நனைந்து, அது அடுத்தடுத்து சில மணி நேரம் தொடர்ந்தாலோ, மயக்கமும் படபடப்பும் வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

பாட்டிமார் சொல்லும் "கெட்ட ரத்தம் போகட்டும்" என்பதில்தான் எனக்குக் கோபமே வருகிறது. போவது கெட்ட ரத்தம் அல்ல. உடம்பில் ஓடுகிற அதே ரத்தம், அதிலுள்ள இரும்புச்சத்தோடு. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஏற்கெனவே குறைவாக இருக்கும் கையிருப்பிலிருந்துதான் மாதம் பத்து நாள் போகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், முடி கொட்டும். பச்சரிசியை அள்ளி மெல்லத் தோன்றுவதும், சாம்பல், சாக்பீஸ் மேல் ஆசை வருவதும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம்; கிண்டல் செய்யும் விஷயமில்லை.

பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறிவிடாது. பேரீச்சம்பழம் நல்லதுதான், ஆனால் இறங்கிப்போன ஹீமோகுளோபினை அதை மட்டும் வைத்து ஏற்ற முடியாது. 12-க்குக் கீழே இருந்தால் மாத்திரை வேண்டியிருக்கும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும், இரும்புச்சத்துக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அடிமட்டத்தில் இருக்கலாம். அதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு போட்டால் பாதிப் பலன் வீணாகும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு நிறுத்த வேண்டாம். அளவு ஏறிய பிறகும் மூன்று மாதம் போல் தொடரச் சொல்வார்கள்.

வயதைச் சாக்காகச் சொல்வது இரண்டு முனைகளிலும் நடக்கிறது. வயதுக்கு வந்த புதிதில் ஓரிரு வருடம் ஒழுங்கில்லாமல் வருவது சகஜம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு மூக்கில் அடிக்கடி ரத்தம் வருகிறதா, பல் பிடுங்கியபோது நிற்காமல் வழிந்ததா, அம்மாவுக்கும் இப்படி இருந்ததா என்று கேட்காமல் விடக்கூடாது. வான் வில்பிராண்ட் போன்ற ரத்தம் உறைவதில் உள்ள குறைகள் முதலில் இப்படித்தான் வெளியே தெரியவரும். மறுமுனையில், "நிக்கப்போற வயசு, அப்படித்தான்" என்று நாற்பத்தைந்து தாண்டியவர்களைச் சமாதானப்படுத்துகிறோம். அந்த வயதில் ஸ்கேனோடு, கர்ப்பப்பை உட்படலத்தில் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பதும் வழக்கம். உடல் பருமனும் பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) தொல்லையும் உள்ளவர்களுக்கு அதற்கு முன்பேகூடத் தேவைப்படலாம். மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆனபின் ஒரே ஒரு துளி பட்டாலும் அந்த வாரமே போய்க் காட்டுங்கள். கர்ப்பப்பை உட்படலப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே பிடிக்க அதுதான் வாய்ப்பு.

காப்பர் டி, ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மருந்து, தைராய்டு ஆகியவையும் காரணமாகலாம். எல்லா மாத்திரைகளின் பெயரையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இதய நோய்க்கான மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கடைசியாகச் சொல்ல வேண்டியது கர்ப்பப்பை ஆபரேஷன். "ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, இனி அது எதுக்கு" என்று முப்பது வயதிலேயே எடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டும் பெண்கள் கூலி போகாமலிருக்கக் கர்ப்பப்பையையே எடுத்துக்கொண்ட கொடுமை 2019-இல் வெளியே வந்தது. சிலருக்கு அறுவை உண்மையிலேயே தேவைதான். ஆனால் ஃபைப்ராய்டு கட்டி சிறிதாக இருந்தால் மருந்து போதலாம். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் பாலிப் என்னும் சதை வளர்ச்சியை மட்டும் எடுத்துவிடலாம். ஹார்மோன் சுரக்கும் கருத்தடைச் சாதனத்தை உள்ளே வைத்தால் பலருக்குப் போக்கு வெகுவாகக் குறைந்துவிடும். கையெழுத்துப் போடுமுன் காரணம் என்ன, வேறு வழி ஏன் ஆகாது என்று கேளுங்கள். கூடவே சினைப்பைகளையும் எடுக்கப் போகிறார்களா என்று கேட்பது முக்கியம்: எடுத்துவிட்டால், எந்த வயதாக இருந்தாலும் மெனோபாஸ் உடனே தொடங்கிவிடும், எலும்பும் சீக்கிரம் தேயும். இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்க ஸ்கேன், பயாப்ஸி (துணுக்கு எடுத்துப் பார்த்த) ரிப்போர்ட்டுகளின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.