ஃபோட்டோ எடிட்டிங் மென்பொருள்: வாங்குவதா, சந்தா கட்டுவதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

நல்ல கேமரா ஒன்றை வாங்கி, ரா கோப்புகளில் (கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் மூலக் கோப்புகள்) படம் எடுக்கப் பழகியதும் அடுத்து வரும் கேள்வி இது. எடிட்டிங் மென்பொருளுக்கு மாதாமாதம் சந்தா கட்டுவதா, ஒரே தடவை காசு கொடுத்து வாங்கிவிடுவதா? சந்தா என்றாலே கொள்ளை என்பார் ஒருவர். அடோபி நிறுவனத்தின் எடிட்டிங் மென்பொருளான லைட்ரூம் இல்லாமல் வேலையே ஓடாது என்பார் இன்னொருவர். இருவரும் விலையை வைத்துத்தான் வாதாடுகிறார்கள். காசு கட்டுவதை நிறுத்துகிற அன்று நம் கையில் என்ன மிஞ்சும் என்று யாரும் கேட்பதில்லை. தவறுகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கின்றன.

முதல் தவறு, வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் ஓடும் என்று நம்புவது. லைட்ரூம் 6-க்கு என்ன நடந்தது என்று பாருங்கள். 2015-ல் வெளிவந்த அதுதான் ஒரே தடவை விலை கொடுத்து வாங்க முடிந்த கடைசி லைட்ரூம். விலை 149 டாலர். 2017 டிசம்பரில் வந்த 6.14 அதன் கடைசி அப்டேட். அடுத்த ஆண்டு முடிவதற்குள் அதில் படம் எடுத்த இடத்தை வரைபடத்தில் காட்டும் மேப் பகுதி வேலை செய்யாமல் போனது. அது கூகுள் மேப்ஸை நம்பி இருந்தது, அந்தப் பக்கம் விதிகள் மாறிவிட்டன. 2019-ல் ஆப்பிள் கணினிகளுக்கு வந்த மேக் ஓஎஸ் கேட்டலினா என்ற இயங்குதளம், பழைய வகையான 32-பிட் நிரல்களை அடியோடு நிறுத்தியது. லைட்ரூம் 6 என்னவோ புது வகையான 64-பிட்தான். ஆனால் அதை நிறுவும் நிரலும் உரிமத்தைச் சரிபார்க்கும் நிரலும் 32-பிட். ஆகவே புது மேக்கில் அதை ஏற்றவே முடியவில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் கேமரா. ஒவ்வொரு புது கேமராவின் ரா கோப்பும் தனி ரகம். அப்டேட் நின்றுபோன மென்பொருளுக்கு அதைத் திறக்கத் தெரியாது. ரா கோப்பை டிஎன்ஜி என்ற பொது வடிவத்துக்கு மாற்ற அடோபி இலவசமாகவே தரும் டிஎன்ஜி கன்வெர்ட்டரில் போட்டு மாற்றிக்கொண்டால் பழைய லைட்ரூமும் திறக்கும். அதிகமாக ஒரு வேலை, கொஞ்சம் கூடுதல் இடம், அவ்வளவுதான். இந்த வழி தெரியாமல் பலர் புது கேமரா வாங்கிய வாரமே சந்தாவுக்குள் விழுந்துவிடுகிறார்கள்.

அதற்காக வாங்குவது முட்டாள்தனம் என்று சொல்லவில்லை. கேமராவையும் கணினியையும் மாற்றாமல் ஐந்தாறு வருடம் ஓட்டுகிறவருக்கு வாங்கிய மென்பொருளும் அதுவரை ஓடும்.

அடுத்தது, விளம்பரத்தில் 'சந்தா இல்லை' என்று இருந்தால் அது நிரந்தர உரிமம் என்று எடுத்துக்கொள்வது. ஃபோட்டோஷாப்பின் எளிய வடிவமான ஃபோட்டோஷாப் எலிமெண்ட்ஸ் 2025 பதிப்பிலிருந்து மூன்று வருட உரிமமாகத்தான் விற்கப்படுகிறது. காசு ஒரே தடவைதான், ஆனால் மூன்று வருடம் கழித்து மறுபடி வாங்க வேண்டும். கேப்சர் ஒன் என்ற எடிட்டிங் மென்பொருளில் நிரந்தர உரிமம் உண்டு. ஆனால் 2023-க்குப் பிறகு அதை வாங்கியவர்களுக்குப் புது வசதிகள் வருவதில்லை. அஃபினிட்டி என்ற இன்னொரு மென்பொருளின் முதல் பதிப்பை வாங்கியவர்கள் 2022 நவம்பரில் இரண்டாம் பதிப்பு வந்தபோது திரும்பவும் காசு கொடுக்க வேண்டியிருந்தது. இதில் மோசடி எதுவும் இல்லை. எவ்வளவு காலம், எந்த அப்டேட் வரை என்ற இரண்டு வரிகளைப் படிக்காமல் வாங்கினால் தவறு நம்முடையது.

சந்தா பக்கம் உள்ள பொறி வேறு மாதிரி. மாத விலையைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள், கீழே சின்ன எழுத்தில் அது வருட ஒப்பந்தம் என்று இருக்கும். அடோபியில் 'வருடச் சந்தா, மாதத் தவணை' என்ற திட்டத்தை 14 நாளுக்குப் பிறகு ரத்து செய்தால், மிச்சமிருக்கும் மாதங்களுக்கான தொகையில் பாதியைக் கட்டணமாக வாங்கும் விதி இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதம் 19.99 டாலர் திட்டத்தை நான்கு மாதம் கழித்து விட்டால் எட்டு மாதத் தொகை 159.92 டாலர், அதில் பாதி கிட்டத்தட்ட 80 டாலர். இந்தக் கட்டணத்தை மறைத்தார்கள், ரத்து செய்வதைக் கடினமாக்கினார்கள் என்று கூட்டாட்சி வணிக ஆணையத்தின் பரிந்துரையின் பேரில் அமெரிக்க அரசு 2024 ஜூனில் அடோபி மீது வழக்கே போட்டது. நம் ஊர் கார்டில் தானாகப் பணம் பிடிக்கும் முன் ஒரு நாளாவது முன்னறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு தானாகப் பணம் பிடிக்க வங்கியில் தந்த அனுமதியை (மேண்டேட்) மட்டும் நிறுத்துகிறவர்கள் உண்டு. அது சந்தாவை ரத்து செய்வது ஆகாது, ஒப்பந்தம் அப்படியே இருக்கும்.

சரி, விலைக்கு வருவோம். 2012-ல் ஃபோட்டோஷாப்பின் அப்போதைய பதிப்பான சிஎஸ்6-ன் விலை 699 டாலர், லைட்ரூம் 149. இரண்டும் சேர்த்து 848. அதன் பிறகு இரண்டுக்கும் சேர்த்து வந்த சந்தா மாதம் 9.99 டாலர். அந்த 848 டாலரைத் தொட சந்தாவுக்கு ஏழு வருடம் பிடிக்கும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் மாறியவர்கள் ஃபோட்டோஷாப்புக்கு 199, லைட்ரூமுக்கு 79 என்று தனியாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சந்தா உண்மையிலேயே மலிவு. ஒரே பதிப்பைப் பத்து வருடம் உருட்டியவர்களுக்குத்தான் நஷ்டம். ஆக, சந்தா மலிவா என்பதை நம் அப்டேட் பழக்கம்தான் தீர்மானிக்கிறது.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. இன்றைய சந்தா விலை நாளையும் இருக்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. 2025 ஜனவரியில் அடோபி அந்த 9.99 டாலர் சந்தாவை, அதாவது 20 ஜிபி மேகச் சேமிப்பு கொண்ட புகைப்படத் திட்டத்தை, புதியவர்களுக்கு விற்பதை நிறுத்தியது. ஏற்கெனவே மாதத் தவணையில் இருந்தவர்களுக்கு 9.99 என்பது 14.99 ஆனது. புதிதாகச் சேருகிறவருக்கு 19.99 டாலர் திட்டம். அதே 848 டாலரை இப்போது மூன்றரை வருடத்தில் கட்டி முடித்துவிடுவார்.

என்னைக் கேட்டால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, எடிட் செய்த உழைப்பு எங்கே சேமிக்கப்படுகிறது என்று பார்க்காமல் இருப்பது. படங்களை நம் கணினியிலேயே வைத்து வேலை செய்யும் லைட்ரூம் கிளாசிக் மூலப் படத்தைத் தொடுவதே இல்லை. நாம் செய்த மாற்றங்களை எல்லாம் கேட்டலாக் என்ற கோப்பில் எழுதி வைக்கிறது. சந்தா முடிந்த பிறகும் மென்பொருள் திறக்கும், படங்களைத் தேடலாம், எக்ஸ்போர்ட்டும் செய்யலாம். எடிட் செய்யும் டெவலப் பகுதியும் மேப் பகுதியும் மட்டும் பூட்டிக்கொள்ளும். இதை அறியாமல், சந்தா போனால் படங்களே போய்விடும் என்று பயந்து பல வருடம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எதிர்ப் பக்கமும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு, வேறு மென்பொருளுக்குப் போனால் எல்லாம் கூடவே வரும் என்று. மாற்றங்களைப் படத்தின் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி என்ற தனிக் கோப்புகளாக எழுதச் சொல்லி அமைத்திருந்தால் நட்சத்திரக் குறி, குறிச்சொற்கள், தலைப்பு எல்லாம் வரும். கிராப், எக்ஸ்போஷர் போன்ற அடிப்படைகள் சில மென்பொருட்களில் ஓரளவு வரலாம். படத்தின் ஒரு பகுதியை மட்டும் மாற்ற மாஸ்க் போட்டது, வண்ணத்தை நுணுக்கி நுணுக்கி மாற்றியது எதுவும் வராது. ஆகவே வெளியேறுவதற்கு முன், முக்கியமான படங்களை தரம் குறையாத 16-பிட் டிஃப் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். கல்யாண ஆல்பங்கள், அப்பா அம்மாவின் படங்கள் என்று திரும்ப எடுக்க முடியாதவை முதலில். மூலப் படங்களை மேகக் கணினியில் வைக்கும் இன்னொரு வகை லைட்ரூமில் இருப்பவர் அத்தனையையும் முதலில் இறக்கிக்கொள்ள வேண்டும். நம் வீட்டு இணையத்தில் அது எத்தனை நாள் ஓடும் என்று கட்டும்போதே யோசிப்பது நல்லது.

இலவசமாகக் கிடைப்பதைத் தொட்டுப் பார்க்காமலே ஒதுக்குவதும் தவறுதான். டார்க்டேபிள், ராதெரபீ இரண்டும் ரா கோப்புகளை நன்றாகவே கையாளும், பழக மட்டும் நாள் பிடிக்கும். கேன்வா என்ற வடிவமைப்புச் செயலியின் நிறுவனம் வாங்கிய பிறகு, 2025 அக்டோபரில் அஃபினிட்டியும் இலவசமாகிவிட்டது. அதன் ஏஐ வசதிகளுக்கு மட்டும் கேன்வா சந்தா வேண்டும். மாதம் நாலு படம் திருத்துகிறவருக்கு இவை தாராளமாகப் போதும். வாரா வாரம் ஆயிரம் கல்யாணப் படம் முடித்துக் கொடுக்கிறவருக்கு நேரம்தான் காசு, அவர் கை பழகிய சந்தாவிலேயே இருப்பதில் தப்பில்லை.

முடிவெடுப்பதற்கு முன் ட்ரையல் போடும்போது, நன்றாக விழுந்த படங்களை வைத்துச் சோதிக்காதீர்கள். அவை எதில் போட்டாலும் அழகாகத்தான் இருக்கும். மண்டபத்தில் மஞ்சள் விளக்கில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஏற்றி எடுத்த, புள்ளி புள்ளியாய் வந்த படங்களைப் போட்டுப் பாருங்கள். அப்புறம், அடோபியின் ட்ரையல் ஏழு நாள். கார்டு விவரம் கொடுத்திருந்தால் அது முடிந்ததும் தானாகச் சந்தாவாக மாறிவிடும், அதற்கு முன்பே ரத்து செய்ய ஒரு நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள்.