மலையின் பெயரும் கடையின் பெயரும்: நீலகிரி வணிகர்களுக்கான வணிகச் சின்னப் பதிவு வழிகாட்டி

உதகை சேரிங்கிராசிலிருந்து கமர்சியல் சாலை வழியாக நடப்பவர் காணும் சாக்லேட், தேயிலை, வர்க்கி, தைலக் கடைகளின் பெயர்ப் பலகைகள் பலவற்றில் ‘ஊட்டி’ அல்லது ‘நீலகிரி’ என்ற சொல் இருக்கும். சுற்றுலாப் பயணியைக் கடைக்குள் அழைத்து வரும் அதே சொல், டிரேட்மார்க் என்று நாம் சொல்லும் வணிகச் சின்னப் பதிவுக்கு வரும்போது தடையாகிவிடுகிறது. 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, சரக்கின் வகையையோ தரத்தையோ அது விளையும் இடத்தையோ மட்டுமே குறிக்கும் சொல்லை ஒருவருக்கு உரிமையாக்க மறுக்கிறது. நீண்டகாலப் பயன்பாட்டினால் அந்தச் சொல் ஒரே வணிகரை மட்டும் நினைவூட்டுகிறது என்று நிறுவினால் விதிவிலக்கு உண்டு. ஆனால் சிறு கடைக்காரர் ஒருவர் ‘ஊட்டி’ என்ற சொல்லைப் பற்றி அப்படி நிறுவுவது ஏறக்குறைய நடவாத காரியம். ஊர்ப் பெயரை லேபிளின் படத்தோடு சேர்த்துப் பதிவு செய்துகொள்ளலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வதுண்டு. அவ்வாறு பதிவு கிடைத்தாலும் 17ஆம் பிரிவின்படி உரிமை முழு லேபிளுக்கே உரியது. அடுத்த கடைக்காரர் ‘ஊட்டி’ என்று எழுதுவதை அது தடுக்காது.

ஆகவே, பதிவுக்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை நல்ல பெயர் ஒன்றைத் தேடுவதுதான். சரக்கோடு தொடர்பில்லாத சொல், புதிதாகப் புனைந்த சொல் ஆகியவையே சட்டத்தின் பார்வையில் வலுவானவை. ‘குறிஞ்சி’ என்ற பெயர் உதகையிலும் கொடைக்கானலிலும் எல்லோர் மனத்திலும் முதலில் தோன்றக்கூடியது. அந்தக் காரணத்தாலேயே அதைத் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து. குறிப்பிட்ட ஊரின் தனித்தன்மையுள்ள பொருளுக்குத் தரப்படும் அடையாளமான புவிசார் குறியீட்டைப் பெற்ற பெயர்களோ முற்றிலும் வேறு கணக்கைச் சேர்ந்தவை. 2013இல் குறியீடு பெற்ற தோடர் பூத்தையல், 2019இல் பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு, பழனி பஞ்சாமிர்தம் ஆகியவற்றைத் தனியொருவர் தம் வணிகச் சின்னமாக்கிக்கொள்ள இயலாது. உண்மையில் அந்தப் பொருளை உற்பத்தி செய்பவர், அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகப் பதிந்துகொண்டு அக்குறியீட்டைப் பயன்படுத்தலாம்.

பெயர் முடிவானதும், வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றித் தேடிப் பார்க்க வேண்டும். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் தேடுவதோடு, ஒலியொப்புமைத் தேடலையும் தவறாமல் செய்ய வேண்டும். எழுத்து மாறியிருந்தாலும் காதில் ஒன்றாக ஒலிப்பதே 11ஆம் பிரிவின் கீழ் ஆட்சேபம் எழுப்பப் போதுமானது. ஜிஎஸ்டி பதிவும் உணவுப் பாதுகாப்பு உரிமமும் இருந்தால் பெயர் நமதாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். அவை தொழில் நடத்துவதற்கான அனுமதிகள் மட்டுமே. பெயரின் மீது உரிமை எதையும் அவை தருவதில்லை.

விண்ணப்பத்தை யார் பெயரில் தருவது என்பதைக் குடும்பத் தொழில் செய்வோர் அவசரமின்றிப் பேசி முடிவு செய்ய வேண்டும். அண்ணன் தம்பிகள் சேர்ந்து நடத்தும் கடையின் சின்னம் ஒருவர் பெயரில் மட்டும் பதிவானால், பாகம் பிரியும் நாளில் அந்தச் சின்னமே வழக்காகும். கூட்டு நிறுவனத்தின் பெயரிலோ கூட்டு உரிமையாளர்களாகவோ பதிவதே பாதுகாப்பானது. லேபிளை வரைந்து தந்த ஓவியரிடம், அதன் பதிப்புரிமையை எழுத்து மூலம் மாற்றி வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த ஆவணத்தில் கால அளவு குறிப்பிடப்படாவிட்டால் உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுகளுக்கே செல்லும் என்று பதிப்புரிமைச் சட்டம் கூறுவதால், அதைத் தெளிவாக எழுதுவது அவசியம்.

எந்த நாளிலிருந்து பெயர் புழக்கத்தில் உள்ளது என்பது விண்ணப்பத்தின் உயிர்நாடி. முன்பே பயன்படுத்தி வருவதாகச் சொன்னால் பிரமாணப் பத்திரமும் அதற்குச் சான்றாகப் பழைய பில்கள், விளம்பரங்கள், அச்சகத்தின் ரசீதுகள் போன்றவையும் இணைக்கப்பட வேண்டும். தேதியை ஊகித்து எழுதுவதைக் காட்டிலும், கையில் உள்ள மிகப் பழைய பில்லின் தேதியைக் குறிப்பிடுவது மேல். பெயர் தமிழ் எழுத்தில் இருந்தால் அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் தர வேண்டும்.

சரக்குகளும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. தேயிலை, காப்பி, சாக்லேட், வர்க்கி, தேன் எல்லாம் 30ஆம் வகுப்பில் அடங்கிவிடுகின்றன. ஜாமும் பாலாடைக்கட்டியும் 29இல் வரும். யூகலிப்டஸ் தைலம் வாசனை எண்ணெயாக விற்கப்பட்டால் 3இலும், மருந்தாக விற்கப்பட்டால் 5இலும் சேரும். காட்டேஜ் வாடகைக்கு விடுவது 43. பதிவுக்கான விண்ணப்பமாகிய டிஎம்-ஏ படிவத்தை இணையவழியில் தாக்கல் செய்ய, தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் வகுப்பு ஒன்றுக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000 ரூபாய். எனவே ஒரே பெயரில் சாக்லேட், தைலம், காட்டேஜ் மூன்றையும் நடத்தும் தனிநபருக்கு 13,500 ரூபாய் ஆகும். கூட்டு நிறுவனம் இந்தக் குறைந்த கட்டணச் சலுகை பெற, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவாகிய உத்யம் சான்றிதழ் தேவைப்படும். தமிழ்நாட்டு விண்ணப்பங்கள் சென்னை கிண்டியில் உள்ள பதிவகத்தின் எல்லைக்குள் வருகின்றன. தாக்கல் செய்வதற்காக மலையிறங்க வேண்டியதில்லை.

விண்ணப்பத்தில் தரும் மின்னஞ்சல் முகவரி உங்களுடையதாகவே இருக்கட்டும். நெட் சென்டர்காரரின் முகவரியைக் கொடுத்துவிட்டு வந்தால், பதிவகத்தின் ஆய்வறிக்கை அவருடைய பெட்டியிலேயே கிடக்கும்; அறிக்கை கிடைத்த 30 நாட்களுக்குள் பதில் தராத விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படலாம். ஆட்சேபங்கள் தீர்ந்தபின் சின்னம் பதிவக இதழில் வெளியாகும். அன்றிலிருந்து நான்கு மாதங்களுக்குள் எவரும் எதிர்ப்பு மனு தரலாம். அந்த மனு நமக்குக் கிடைத்த இரண்டு மாதங்களுக்குள் எதிருரை தாக்கல் செய்யாவிட்டால் விண்ணப்பம் போய்விடும். எதிர்ப்பு இல்லையெனில் சான்றிதழ் கிடைக்கும். அது விண்ணப்பித்த நாளிலிருந்து பத்தாண்டுகளுக்குச் செல்லும், பின்னர் பத்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்கலாம். டிஎம் என்ற அடையாளத்தை விண்ணப்பிக்கும் முன்பே லேபிளில் இடலாம். வட்டத்துக்குள் ஆர் எழுத்தைப் பதிவுக்கு முன் இடுவதோ சட்டமீறல். 107ஆம் பிரிவின்படி முன்பு மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமிருந்தது; 2023ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அதை நீக்கிப் பண அபராதமாக மாற்றியது.

பதிவு செய்த சின்னத்தைப் பயன்படுத்தாமல் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் போட்டால், பிறர் அதை நீக்கக் கோரலாம். அதுபோல, நமக்கு முன்பிருந்தே அந்தப் பெயரைத் தொடர்ந்து பயன்படுத்தி வருபவரை நம் பதிவைக் காட்டி நிறுத்த முடியாது. 34ஆம் பிரிவு அவரைக் காக்கிறது. போலி கிளம்பினால், பதிவுபெற்ற சின்னத்தின் உரிமையாளர் தாம் தொழில் நடத்தும் இடத்தின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடர 134ஆம் பிரிவு வழி செய்கிறது. குன்னூர் வணிகர் உதகையிலும், கொடைக்கானல் வணிகர் திண்டுக்கல்லிலும் வழக்காடலாம் என்பது சிறிய சலுகை அன்று. பதிவில்லாதவரும் வழக்குத் தொடரலாம். ஆனால் எதிராளி இருக்கும் ஊருக்கோ போலி விற்ற ஊருக்கோ அவர் அலைய நேரும், தம் பெயரின் நற்பெயரையும் சாட்சிகளோடு மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். போலிச் சரக்கைக் கண்டவுடன் அந்தக் கடையில் சண்டையிடாமல், ஒரு பாக்கெட்டைப் பில்லுடன் வாங்கி, பிரிக்காமல் பத்திரப்படுத்திவிட்டு, வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும்.