கருப்பொருளும் நடையும்: அசோகமித்திரன் பற்றிய கட்டுரையைத் திட்டமிடும் முறை

நாவலாசிரியர் ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுத முற்படுகிறவர்கள் பெரும்பாலும் கட்டுரையை இரு பாதியாகப் பிரித்து, ஒன்றுக்குக் ‘கருப்பொருள்’ என்றும் மற்றொன்றுக்கு ‘நடை’ என்றும் தலைப்பிட்டுக்கொள்கிறார்கள். அப்படிப் பிரித்த உடனேயே முதற்பாதி கதைச் சுருக்கமாகிவிடுகிறது; இரண்டாம் பாதியில் ‘எளிய நடை’, ‘இயல்பான உரையாடல்’ என்ற பாராட்டுச் சொற்களே எஞ்சுகின்றன. இரண்டையும் ஒரே கேள்விக்குள் கொண்டுவருவதுதான் திட்டமிடலின் முதல் வேலை. அசோகமித்திரனை எடுத்துக்கொண்டு அதைச் செய்து பார்க்கலாம்.

முதலில் எல்லையை வகுத்துக்கொள்ள வேண்டும். அவர் எழுதிய அனைத்தையும் ஒரு கட்டுரையில் அடக்க முயல்வது வீண். ‘கரைந்த நிழல்கள்’, ‘தண்ணீர்’, ‘18வது அட்சக்கோடு’ ஆகிய மூன்று நாவல்கள் போதும். திரைப்படத் தொழில், சென்னையின் தண்ணீர்ப் பஞ்சம், 1948இல் இந்திய ராணுவம் நுழைந்த காலத்தின் ஹைதராபாத் சமஸ்தானம் என்று களங்கள் வெவ்வேறாக இருப்பதால், மூன்றிலும் பொதுவாகத் தென்படுவது எதுவோ அது களத்துக்குரியதன்று, எழுத்தாளருக்குரியது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

முதல் வாசிப்பைக் குறிப்பெடுக்காமல் முடித்துவிடுங்கள். இரண்டாம் வாசிப்பில் பென்சிலோடு உட்கார்ந்து, ‘இங்கே ஆசிரியர் எதைச் சொல்லாமல் விட்டார்?’ என்ற ஒரே கேள்வியை ஒவ்வொரு முக்கியக் காட்சியிலும் கேளுங்கள். அசோகமித்திரனைப் பொறுத்தவரை, அழகான வரிகளைத் தேடி அடிக்கோடிடுவதைவிட இந்தக் கேள்வி பன்மடங்கு பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

‘தண்ணீர்’ நாவலில் மனம் உடைந்த கதைநாயகி ஜமுனாவிடம் டீச்சரம்மா பேசும் இடத்தைப் பாருங்கள். ஆறுதல் சொல்ல வேண்டிய அந்த நேரத்தில் அவள் சொல்வது, இளம் வயதில் நோயாளிக் கணவனுக்கு வாழ்க்கைப்பட்ட தன் கதையை. அதிலும் கண்ணீரை வரவழைக்கும் சொல் எதையும் ஆசிரியர் தேடிப்போவதில்லை. அந்தத் தெருவில் குழாயும் குடமும் வரிசையும் எந்தக் குரலில் சொல்லப்படுகின்றனவோ, அதே குரலில் இந்தத் துயரமும் சொல்லப்படுகிறது. ‘கரைந்த நிழல்க’ளில் தயாரிப்பு நிர்வாகி நடராஜன் நம் கண்ணெதிரே ஓயாமல் வேலை செய்கிறார், ஆனால் அவருடைய வீழ்ச்சி நமக்குக் காட்டப்படுவதில்லை, பிறர் பேச்சின் வழியேதான் தெரியவருகிறது.

இந்த இரு குறிப்புகளையும் அருகருகே வைத்தால் மைய வாதம் தானே உருவாகும்: ‘அசோகமித்திரன் அன்றாட வேலைகளை நடுவிலும் பெருந்துயரங்களை ஓரத்திலும் வைக்கிறார், சாமானியர் எதையும் தாங்கிக்கொண்டு வாழ்கிறார்கள் என்ற அவருடைய கருப்பொருள் இந்த வைப்பு முறையிலிருந்தே பிறக்கிறது.’ ‘அவர் நடுத்தர வர்க்கத்தைப் பற்றி எழுதினார்’ என்பது தகவல் மட்டுமே. அதை யாரும் மறுக்கப்போவதில்லை, ஆகவே அதைக் கொண்டு ஐந்து பக்கம் வாதாடவும் முடியாது. வாதம் என்றால் மறுப்பதற்கு இடம் இருக்க வேண்டும்.

மறுப்பை நீங்களே தேட வேண்டும். ‘18வது அட்சக்கோடு’ நாவலின் இறுதியில், கலவரத்துக்கு நடுவே ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிடும் கதைநாயகன் சந்திரசேகரன் முன்னால், தன் குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காக ஒரு பெண் ஆடை களைந்து நிற்கிறாள். அவன் அங்கிருந்து ஓடுகிறான். இங்கே துயரம் ஓரத்தில் இல்லை, முகத்துக்கு நேரே நிற்கிறது. இந்தக் காட்சியைக் கட்டுரையிலிருந்து விட்டுவிடுவது நேர்மையன்று. கிரிக்கெட்டும் கல்லூரியும் நண்பர்களுமாகச் சென்ற முந்தைய பக்கங்களின் அடங்கிய குரல்தான் இந்த முடிவை இவ்வளவு கடுமையாக்குகிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் எனில் உங்கள் வாதம் வலுப்பெறுகிறது. இல்லை எனில் வாதத்தைத் திருத்தி எழுதுங்கள், காட்சியை வளைக்காதீர்கள்.

இதிலிருந்தே பத்தி வரிசையும் கிடைத்துவிடும். வாதத்துக்கு நன்கு பொருந்தும் ‘தண்ணீர்’ முதலில், சற்றுச் சிக்கலான ‘கரைந்த நிழல்கள்’ அடுத்து, முரண்டுபிடிக்கும் ‘18வது அட்சக்கோடு’ கடைசியில். வெளிவந்த ஆண்டு வரிசையில் அடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வாழ்க்கைக் குறிப்புகளை அளவோடு நிறுத்துங்கள்: 1931இல் செகந்திராபாத்தில் பிறந்ததும் ஜெமினி ஸ்டுடியோவில் பணியாற்றியதும், அந்தந்த நாவலைப் பேசும் இடத்தில் ஒரு வரியாக வந்தால் போதும்.

ஒவ்வொரு பத்திக்கும் ஒரு காட்சி, அதிலிருந்து இரண்டு மூன்று வரி மேற்கோள், அந்த வரிகளின் சொல் தேர்வையும் வாக்கிய நீளத்தையும் பற்றிய உங்கள் விளக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். மேற்கோளைவிட விளக்கம் நீளமாக இருக்கட்டும். பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும் என்பதால், நீங்கள் பயன்படுத்தும் பதிப்பின் பெயரையும் ஆண்டையும் முதல் நாளே எழுதிவையுங்கள். முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். மூன்றாம் நாவலோடு மல்லுக்கட்டி முடித்த பிறகே உங்கள் வாதத்தின் சரியான வடிவம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.