பழைய ஊர் பக்கத்துல ஒரு வட்டப் பள்ளம்: விண்கல் விழுந்த இடமான்னு எப்படிப் பார்க்கிறது?

கூகுள் எர்த்துல சுத்திக்கிட்டு இருக்கும்போது கச்சிதமான வட்டமா ஒரு பள்ளம் தெரிஞ்சா மனசு உடனே விண்கல்லுக்குத் தாவிடும், அதுவும் பக்கத்துலயே பழைய கோயிலோ மண்மேடோ இருந்துட்டா கேக்கவே வேணாம். ஆனா உலகம் முழுக்க உறுதியானதே சுமார் 200தான், நம்ம நாட்டுல எல்லாரும் ஒத்துக்கிட்டது லோனார், தாலா, ராம்கர்னு மூணு. அதனால முதல்ல "இது மனுசன் வெட்டினதா?"ன்னு கேளுங்க. ஜனங்க ஆயிரக்கணக்கான வருசம் குடியிருந்த இடத்துல கை படாத பள்ளம் ரொம்பக் கம்மி.

கூகுள் எர்த் ப்ரோவுல பள்ளத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு எலிவேஷன் ப்ரொஃபைல் பாருங்க, அந்தக் கோடு நெடுக தரை எங்க ஏறுது எங்க இறங்குதுன்னு காட்டுற படம் அது. விண்கல் பள்ளம்னா அதோட விளிம்பு சுத்தியிருக்கிற தரையை விட உசரமா எழும்பி நிக்கும், சுண்ணாம்புக்கல் கரைஞ்சு உள்வாங்கின குழியில அந்த விளிம்பு இருக்காது. சின்னப் பள்ளமா இருந்தா இந்த ப்ரொஃபைலை நம்பாதீங்க, நேர்ல போய்த்தான் ஆகணும். ஊருணிக்கும் நாலு பக்கமும் கரை உண்டே, அதனால வரத்துக்கால் இருக்கா, மடை இருக்கா, கரை மண்ணு உள்ள இருந்து வெட்டிப் போட்டதான்னு பாருங்க. இத்தாலியில சிரெந்தேங்கிற குளத்தை விண்கல் பள்ளம்னு 2002ல எழுதினாங்க, அது ஆடு மாடு தண்ணி குடிக்க ஜனங்களே கட்டின குளம்தான்னு மறுத்து வேற ஆய்வாளர்கள் எழுதினாங்க.

அடுத்து விளிம்புல இருக்கிற பாறை. அடுக்குப் பாறையா இருந்தா அடுக்கெல்லாம் வெளிப்பக்கமா சாஞ்சிருக்கும், சில இடத்துல தோசையைத் திருப்பிப் போட்ட மாதிரி கீழடுக்கு மேல வந்து கிடக்கும். மகாராஷ்டிராவுல 1.8 கிலோமீட்டர் அகலமுள்ள லோனார்ல எரிமலைப் பாறை அடுக்குகள்ல இதைப் பார்க்கலாம்.

இப்ப நிறைய பேர் ஏமாறுற இடத்துக்கு வர்றேன், அதான் சிட்டம். பழைய ஊர்ன்னா இரும்பு உருக்கியிருப்பாங்க, அந்தக் கழிவு கறுப்பா கனமா உருகின கல்லு மாதிரியே கிடக்கும், காந்தத்துலயும் சிலது ஒட்டும். கையில எடுத்து உடைஞ்ச பக்கத்தைப் பாருங்க. உள்ள குமிழ் குமிழா ஓட்டை, மேல பாகு வழிஞ்சு உறைஞ்ச மாதிரி மடிப்பு, எங்கேயாவது கரித்துண்டு அழுந்தின தடம் இருந்தா அது சிட்டம்தான். விண்கல்லுக்கு வெளியில மெல்லிசா கறுப்புத் தோல் இருக்கும், உள்ள பெரும்பாலும் ஓட்டை இருக்காது. இரும்பு விண்கல்னா நிக்கல் குறைஞ்சது 5 சதவீதம் கிட்ட இருக்கும், அதனால ஒரு ஓரத்தை அரத்தால தேய்ச்சு பளபளன்னு உலோகம் தெரிஞ்சதும் நிக்கல் டெஸ்ட் கிட்ல தடவினா பஞ்சு ரோஸ் கலராகும். ஆகலைன்னா ஆசையைக் கொஞ்சம் அடக்கிக்கணும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, குஜராத்ல கட்ச் பகுதியில லூனா கிராமத்துப் பக்கம் ஒரு வட்டம் இருக்கு, 2024ல வந்த கட்டுரை அதை இரும்பு விண்கல் விழுந்திருக்கக்கூடிய இடம்னு சொல்லுது, விண்கல்லுல அதிகம் வர்ற இரிடியம்ங்கிற உலோகம் அதிகமா இருக்கு, வூஸ்டைட், கிர்ஷ்டைனைட் மாதிரி கனிமம் கிடைச்சதுன்னு காரணம் காட்டுது. ஆனா வூஸ்டைட்டும் கிர்ஷ்டைனைட்டும் இரும்பு உலைச் சிட்டத்துலயும் வரும். பழைய ஊர்கள் நிறைஞ்ச கட்ச்ல அந்தக் கனிமத்தை மட்டும் வச்சு என்னால முடிவுக்கு வர முடியாது.

உறுதியான சாட்சி மைக்ராஸ்கோப்லதான் கிடைக்கும். பாறையில குவார்ட்ஸ்ங்கிற கனிமம் இருந்தா, அதுக்குள்ள சில மைக்ரான் இடைவெளியில, ஒண்ணுக்கு மேற்பட்ட திசையில நெருக்கமான இணைகோடுகள் தெரியணும், அந்தக் கோடுகளை உண்டாக்குற அளவு அழுத்தம் எரிமலையாலயோ நிலநடுக்கத்தாலயோ வராது. ராஜஸ்தான்ல பண்ட் தேவ்ரா சிவன் கோயில் இருக்கிற ராம்கர் வளையத்துக்கு இந்த மாதிரி சாட்சிதான் கை கொடுத்துச்சு. லோனார் பாறையில குவார்ட்ஸ் கிடையாது, அங்க ஃபெல்ட்ஸ்பார்ங்கிற கனிமம் கண்ணாடியா மாறின மாஸ்கெலினைட்டை வச்சு 1973ல நிரூபிச்சாங்க.

விழுந்தப்ப அங்க ஜனங்க இருந்தாங்களான்னு தெரிய, தெறிச்சு விழுந்த மண்ணுக்குக் கீழ என்ன இருக்குன்னு பார்க்கணும். அடியில பானை ஓடு, அடுப்புக் கரி இருந்தா ஊர் முந்தி, மேல மட்டும் இருந்தா பள்ளம் முந்தி. எஸ்டோனியாவுல காலிங்கிற 110 மீட்டர் பள்ளத்தோட வயசை தெறிச்சு விழுந்த மண்ணுக்குள்ள சிக்கின கரியை வச்சுத்தான் கணிச்சாங்க, கிமு 1530க்கும் 1450க்கும் நடுவுலன்னு வந்துச்சு. ஆனா இந்தத் தோண்டுற வேலை தொல்லியல் ஆளுங்களோடது, நீங்க தயவுசெஞ்சு கடப்பாரை எடுக்காதீங்க, ஒரு தடவை அடுக்கு கலைஞ்சா அந்த வரிசை திரும்பக் கிடைக்காது. ஸ்கேல் வச்சு போட்டோ, ஜிபிஎஸ் புள்ளி, எந்தப் பக்கம் சாய்வுன்னு ஒரு குறிப்பு, இதோட இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கோ (ஜிஎஸ்ஐ) பக்கத்து யுனிவர்சிட்டி ஜியாலஜி டிபார்ட்மென்ட்டுக்கோ மெயில் போடுங்க.