பூனைக்காலி சாகுபடி: எங்கே தப்பு நடக்கிறது?

பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி விலை விழுந்து, பறிக்கிற கூலிகூடக் கட்டாமல் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் மூலிகைப் பயிர் பேச்சை எடுப்பார். அதில் தவறாமல் வருகிற பெயர் பூனைக்காலி. தண்ணீர் அதிகம் கேட்காது, செம்மண்ணில் நன்றாக வரும், பயறு வகைக் குடும்பம் என்பதால் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் என்பார்கள். எல்லாம் உண்மைதான். முளைக்க வைப்பதும் பெரிய வித்தை இல்லை. ஆனாலும் ஒரு பட்டம், அதாவது ஒரு விதைப்புப் பருவம், போட்டுப் பார்த்துவிட்டு, இனி அந்தக் கொடியின் பக்கமே போவதில்லை என்று கையெடுத்துக் கும்பிடுகிறவர்கள் உண்டு. விசாரித்தால், பெரும்பாலும் விதை மண்ணில் விழுவதற்கு முன்பே காரியம் கெட்டிருக்கும். எந்த விதை, எந்த மாதம், எதன்மேல் ஏற்றுவது என்ற மூன்றில் ஒன்றில் சறுக்கியிருப்பார்கள்.

விதை

பூனைக்காலியில் இரண்டு வகை. காட்டோரப் புதரிலும் வேலியிலும் தானாகப் படர்வது ஒன்று. அதன் காயைக் கொஞ்சம் தள்ளி நின்றே பாருங்கள். S வடிவில் வளைந்து, தங்கப் பழுப்பு நிறத்தில் விறைப்பான முடி அடர்ந்திருக்கும். காய் முற்றிய பிறகு லேசாகக் காற்றடித்தாலே அந்த முடி உதிர்ந்து பறக்கும். தோலில் ஊசிபோல் குத்தி நிற்பதோடு, புரதத்தைச் சிதைக்கும் மியூக்குனைன் என்ற நொதியும் அதில் இருக்கிறது. சொறியச் சொறிய அரிப்பு பரவுவதற்கு அதுதான் காரணம். இன்னொன்று வயலுக்கென்று தேர்ந்தெடுத்த வகை. அதன் காயிலும் முடி உண்டு, ஆனால் வெல்வெட் துணியைத் தொட்டதுபோல் மெத்தென்று படிந்திருக்கும், அரிக்காது.

இரண்டையும் விதையை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது. கறுப்பு, வெள்ளை, புள்ளி போட்டது என்று நிறம் பலவிதமாக வரும். பளபளப்பான மேல்தோலும், கண் இருக்கும் இடத்தில் வெளிறிய தடித்த விளிம்பும் இரண்டிலுமே உண்டு. அதனால்தான் நாட்டு மருந்துக் கடையில் கால் கிலோ வாங்கி விதைப்பது முதல் தவறு. அது மருந்துக்கு வந்த சரக்கு. எந்த வருடத்து விதை, எந்த வகை என்று கடைக்காரருக்கே தெரியாது. காட்டோரத்தில் பொறுக்கி வந்து விதைப்பது அதைவிட மோசம், காப்புக்காடாக இருந்தால் வனத்துறையோடு சிக்கலும் சேரும்.

நல்ல வழி, காய் தொங்குகிற பருவத்தில் ஏற்கெனவே பயிர் வைத்தவர் வயலுக்கு நேரில் போய்ப் பார்த்து, அங்கிருந்தே விதை பேசிவிட்டு வருவது. இல்லையென்றால் ஒசூரைத் தாண்டி பெங்களூரு அருகே ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் கேட்கலாம். அர்கா தன்வந்தரி, அர்கா அஸ்வினி என்று அரிக்காத ரகங்களை வெளியிட்டது அவர்கள்தான். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ காவேரிப்பட்டணம் பக்கத்துப் பையூர் ஆராய்ச்சி நிலையத்திலோ விசாரித்தாலும் வழி சொல்வார்கள்.

வயலில் ஓரிரு கொடி மட்டும் அரிக்கும் காயாக வந்தால் பிஞ்சிலேயே கையுறை போட்டுப் பிடுங்கிவிடுங்கள். ‘மருந்துக்கு எதுவானால் என்ன’ என்று விட்டால் அடுத்த வருட விதையும் கெடும். அரிக்கும் குணம் ஓங்கு பண்பு. மகரந்தம் கலந்து உண்டாகும் செடி அரிக்கிற பக்கமே சாயும்.

முடி மேலே பட்டுவிட்டால் உடனே தண்ணீர் ஊற்றித் தேய்ப்பதும், துண்டால் துடைப்பதும்தான் எல்லோரும் செய்வது. இரண்டும் முடியை இன்னும் பரப்பும். ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் அழுத்தி ஒட்டி உரித்தெடுங்கள். முடி போனபிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உடுத்தியிருந்த துணியைத் தனியாகத் துவையுங்கள். கண்ணில் பட்டால் மட்டும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டியதுதான்.

முளைப்பு

ஈரம் இருந்தால் புது விதை ஒரு வாரத்தில் முளைத்துவிடும். பழைய விதையில் தோல் இறுகி, சில தண்ணீரே குடிக்காமல் கல்லாகக் கிடக்கும். ஓர் இரவு ஊறவைத்தால் எது உப்பியிருக்கிறது, எது உப்பவில்லை என்று காலையில் தெரிந்துவிடும். உப்பாததைக் கண்ணுக்கு எதிர்ப்பக்கத்தில் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறவைக்கலாம். ஆனால் இந்த ஊறல் வேலையெல்லாம் பாசன வசதி உள்ளவர்களுக்குத்தான். மானாவாரிக் கொல்லையில் வானத்தை நம்பி ஊறவைத்த விதையைப் போட்டால், மழை பத்து நாள் தள்ளிப்போனாலும் முளைவிட்டது அப்படியே கருகிவிடும். உலர்ந்த விதை என்றால் ஈரம் வரும்வரை காத்திருக்கும்.

காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும் ரைசோபியம் நுண்ணுயிரால் விதை நேர்த்தி செய்கிறவர்கள் அதை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, நிழலில் உலர்த்தி விதையுங்கள். பூஞ்சாணக் கொல்லி மருந்தையும் அதையும் ஒரே நேரத்தில் கலப்பவர்கள் இருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய நுண்ணுயிரைக் காசு கொடுத்து வாங்கிய மருந்தாலேயே கொல்கிற வேலை அது. மருந்து முதலில், குறைந்தது ஒரு நாள் கழித்து ரைசோபியம்.

குச்சி நட்டால் வருமா என்று கேட்கிறவர்களும் உண்டு. இது ஒரு பருவத்தோடு முடிகிற கொடி. விதையிலேயே இவ்வளவு சுலபமாக வரும்போது குச்சிக்கு மெனக்கெட வேண்டாம். பாலித்தீன் பையில் நாற்று விடுவதும் முளைக்காமல் போன இடத்தை நிரப்ப மட்டும்தான். பையிலேயே நீண்ட நாள் நின்றால் ஆணிவேர் சுருண்டுபோய், நட்டபிறகும் செடி திணறும்.

பட்டம்

மற்ற எல்லாவற்றையும்விடப் புரியாமல் நடக்கும் தவறு இதுதான். நம் கேழ்வரகுக் கொல்லையில் ஊடே போடும் நாட்டு அவரையை நினைத்துக்கொள்ளுங்கள். எப்போது போட்டாலும் பகல் குறுகிப் பனி தொடங்கும்போதுதான் அது பூக்கும். பூனைக்காலியும் அதே கணக்குதான். ஆடியில் விதைத்தால் கொடி ஓடிப் படர்ந்து, உடம்பு பிடித்து, பகல் குறையும்போது கொத்துக்கொத்தாகக் கருஊதாப் பூ விடும். மார்கழி, தையில் காய் முற்றும். ஐந்தாறு மாதப் பயிர்.

புரட்டாசி மழை வரட்டும் என்று காத்திருந்து விதைத்தால், இடுப்பளவு ஏறுவதற்குள் பூத்து, கைக்கு நாலு காயோடு நின்றுவிடும். உரம் போதவில்லை என்று நினைத்து யூரியாவைக் கொட்டுவார்கள். இலைதான் பெருகும். சித்திரையிலேயே போட்டாலும் சீக்கிரம் காய்க்காது, ஆள் உயரப் பந்தலை அமுக்குகிற அளவுக்குத் தழைதான் சேரும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் குளிர் அதிகம், குளிரில் கொடி சுணங்கும். அங்கே ஆனிக் கடைசியிலேயே விதைத்துவிடுவது மேல்.

இன்னொன்று, செப்டம்பர், அக்டோபரில் நமக்கு நல்ல மழை. ஏரிக்குக் கீழே தண்ணீர் நிற்கிற நிலத்தை இதற்கு ஒதுக்காதீர்கள். வறட்சியைத் தாங்குகிற இந்தக் கொடி, வேரில் தண்ணீர் தேங்கினால் தாங்காது.

எதன்மேல் ஏற்றுவது

கொள்ளு தூவுகிற மாதிரி கையால் வீசி விதைத்தால் தரை முழுக்கப் பச்சைக் கம்பளம்தான் கிடைக்கும், காய் கிடைக்காது. மீட்டருக்கு ஒரு குழி என்று வைத்தால் ஏக்கருக்குச் சுமார் 4,000 குழி. குழிக்கு இரண்டு விதை என்றால் 8,000. பெரிய விதை ஒன்று ஏறக்குறைய ஒரு கிராம் இருக்கும் என்பதால் எட்டுக் கிலோவே தாராளம். ஏக்கருக்கு இருபது, முப்பது கிலோ வாங்கச் சொல்கிறவர் விதை விற்கிறவராகத்தான் இருப்பார்.

ஏறுவதற்குப் பிடிமானம் இல்லாமல் தரையில் விட்டால் காய் மண்ணில் பட்டு ஐப்பசி மழையில் அழுகும். மூங்கில் வாங்கினால் அதுவே பெரிய செலவு. தக்காளிக்கு நட்ட குச்சியும் கம்பியும் அப்படியே நிற்கிற வயலாக இருந்தால், என் பார்வையில் அதைவிட நல்ல இடம் இல்லை. உயரம் கொஞ்சம் குறைவுதான், கொடி நுனியைக் கிள்ளிவிட்டுக்கொள்ளலாம். தக்காளி வேரில் முடிச்சுப் போடும் நூற்புழுவை மட்டுப்படுத்தும் குணமும் பூனைக்காலிக்கு உண்டு. கோரைப் புல்லையும் தன் நிழலால் அமுக்கும்.

மாந்தோப்புதான் ஆசை காட்டி மோசம் செய்யும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாமரம் இல்லாத ஊர் இல்லை. வெட்டியாக நிற்கிற மரத்தில் ஏற்றிவிட்டால் பந்தல் செலவு மிச்சம் என்று கணக்குப் போடுவார்கள். ஐப்பசிக்குள் கொடி மரத்தின் உச்சிக்குப் போய் வெயிலை மறைத்துவிடும். மா பூக்க வேண்டியது மார்கழியிலிருந்து மாசிவரை, சரியாகக் கொடியில் காய் முற்றித் தொங்குகிற நேரம். தத்துப்பூச்சிக்கு மருந்தடிக்க வேண்டிய மரத்தில் மருந்துச் சரக்கு தொங்கிக்கொண்டிருக்கும். அடித்தால் விதையில் விஷம் தங்கும் பயம், அடிக்காவிட்டால் பூ கொட்டும். கொடியை இழுத்தால் பூங்கொத்தோடு குச்சியும் முறிந்து வரும். விதைக் கலப்பில் அரிக்கும் வகை ஒன்று மரத்தின்மேல் காய்த்துவிட்டால், அந்தத் தோப்புக்குள் கூலிக்கு ஆள் வரமாட்டார்கள். சின்னக் கன்றுகள் நிற்கிற தோப்பில் வரிசைகளுக்கு நடுவே பசுந்தாளாக வளர்த்து, ஏறத் தொடங்குவதற்குள் மடக்கி உழுவது என்றால் மட்டும் சரி.

அறுவடையும் விற்பனையும்

காய் பச்சை மாறிச் சாம்பல் பழுப்பானதும் பறியுங்கள். எல்லாம் ஒன்றாகக் காயட்டும் என்று விட்டால் முன்னால் முற்றியது வெடித்துச் சிதறும். மூன்று நான்கு பறிப்பு ஆகும். காலைப் பனி ஈரம் இருக்கும்போது பறித்தால் முடி பறக்காது. தார் ரோட்டில் கேழ்வரகுத் தாளையும் கொள்ளுச் செடியையும் போட்டு வண்டி ஏறவிடுகிற பழக்கம் நம் பக்கம் உண்டு. இதை அப்படிப் போடாதீர்கள், பைக்கில் போகிறவர் கண்ணுக்கு ஆபத்து. களத்தில், காற்றில்லாத நேரத்தில், முகத்தை மூடிக்கொண்டு அடியுங்கள்.

வாங்குகிறவர் யார் என்பதை விதைக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். விதையை உயர்ந்த விலைக்குக் கொடுத்து ‘விளைந்ததை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்’ என்று வாய்ப்பேச்சாகச் சொல்கிறவரிடம் ஈமு கோழி வளர்க்கப் பணம் போட்டவர்கள் ஏமாந்த காலத்தை ஞாபகம் வைத்துப் பேசுங்கள்.

அப்புறம், வீட்டில் மிஞ்சுகிற விதை. இதில் எல்-டோபா என்ற பொருள் இருக்கிறது. 1937-லேயே சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் இந்த விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். நடுக்குவாதத்துக்கு (பார்க்கின்சன் நோய்) இன்று கொடுக்கும் மாத்திரையில் இருப்பதும் அதுதான். அதனால் அந்த மாத்திரை சாப்பிடுகிறவர் கூடவே இந்தப் பொடியையும் சேர்த்தால் அளவு கூடிவிடும். மனநோய்க்கு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. சித்த வைத்தியர்கள் பாலில் வேகவைத்துத் தோல் நீக்கிச் சுத்தி செய்த பிறகுதான் மருந்தில் சேர்ப்பார்கள். மலைவாழ் மக்கள் இதை உணவாகச் சமைக்கும்போது பல தடவை தண்ணீர் மாற்றி, வேகவைத்த நீரைக் கொட்டிவிடுவது வழக்கம். 1989-ல் மொசாம்பிக்கில் வறட்சியின்போது அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் சாப்பிட்டவர்கள் இருநூறு பேருக்குமேல் புத்தி பேதலித்து ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. நம் வீடுகளில் மொச்சை இல்லாத சமையலறை கிடையாது, காய்ந்த வெள்ளைப் பூனைக்காலி விதையை அவசரத்தில் பார்த்தால் மொச்சை மாதிரியே தெரியும். விதைக்கென்று எடுத்து வைப்பதைப் பெயர் எழுதிய டப்பாவில் போட்டு, அடுப்படியில் வைக்காமல் உரமூட்டை இருக்கிற அறையில் வையுங்கள்.