ஸ்டார்-டெல்டா மோட்டாருக்கு கேபிள் செலவைக் குறைக்க

மோட்டாரை முதலில் ஸ்டார் இணைப்பில் கிளப்பி, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றுவது ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். அதிலிருந்து மோட்டாருக்குப் போகும் ஆறு கம்பிகளுக்கும் மோட்டாரின் முழு ஆம்பியரைத் தாங்கும் கேபிளை வாங்க வேண்டியதில்லை. முழு ஆம்பியரில் 58 சதவீதத்தைக் கணக்கில் எடுத்தால் போதும். 415 வோல்ட்டில் 75 கிலோவாட் மோட்டார் முழுச் சுமையில் ஏறத்தாழ 130 ஆம்பியர் இழுக்கும். ஒவ்வொரு கம்பியிலும் ஓடுவது சுமார் 75 ஆம்பியர்தான்.

டெல்டாவில் ஓடும்போது லைன் மின்னோட்டம் இரண்டு சுருள்களுக்குப் பிரிகிறது. சுருளில் பாய்வது லைன் மின்னோட்டத்தை 1.732-ஆல் வகுத்த அளவு. அந்த ஆறு கம்பிகளும் சுருளோடு நேரடியாக இணைந்தவை. இரண்டு மூன்று-கோர் கேபிள்கள் போட்டால் மூன்று சுருள்களின் தொடக்க முனைகளான யு1, வி1, டபிள்யூ1 ஒன்றிலும், மறுமுனைகளான யு2, வி2, டபிள்யூ2 மற்றொன்றிலும் வர வேண்டும். மாற்றிப் போட்டால் காந்தப்புலம் சமனாகாமல் கேபிள் நுழையும் இரும்பு கிளாண்ட் தகடு சூடேறும். இதைத் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள்.

அலுமினிய கேபிளானால் மோட்டார் முனைக்கு பைமெட்டல் லக் (அலுமினியமும் தாமிரமும் சேர்ந்த இணைப்பான்) போடுங்கள். லக், மோட்டார் முனையின் தளத்தில் நேராகப் படிய வேண்டும், இடையில் வாஷர் கூடாது.

ஸ்டார்ட்டருக்கு வரும் மெயின் கேபிளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதில் முழு 130 ஆம்பியரும் ஓடும். நேரடி ஸ்டார்ட்டர், மூன்றே கம்பியில் இயங்கும் விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) ஆகியவற்றுக்கும் அப்படியே. கேபிள்கள் ஒரே டிரேயில் நெருங்கிக் கிடந்தால், தயாரிப்பாளர் அட்டவணையிலுள்ள, கேபிள் தாங்கும் ஆம்பியரைக் குறைத்துக் கணக்கிடும் குறைப்புக் காரணியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தூரம் அதிகமானால் மின்னழுத்த இழப்பையும் தனியே பாருங்கள்.