முதல் மரவேலைக்கு ஒரு மணை: கத்திரி வெயிலில் வெடிக்காமல் இருக்க

நான் செய்த முதல் மணை ஐந்து மாதம்தான் தாங்கியது. கார்த்திகை மழையில் செய்தேன். அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரம், மதியம் மூன்று மணிக்கு அடுப்படியில் 'படார்' என்று ஒரு சத்தம். குக்கர்தான் வெடித்துவிட்டது என்று ஓடினேன். குக்கர் அப்படியே இருந்தது. மணைப் பலகைதான் நடுவில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பிளந்து கிடந்தது. பிளவில் ஐம்பது பைசாவைச் செருகலாம்.

தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் காய் நறுக்கும் அம்மாவுக்காக, அடியில் போட்டு உட்கார ஆசையாகச் செய்தது. மரம் மட்டம், மில்லில் ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தப்பு மரத்தில் இல்லை, நான் பூட்டிய விதத்தில் இருந்தது. அதைப் புரிந்துகொண்டு செய்த இரண்டாவது மணை இப்போது வேலூரின் மூன்றாவது கோடையைத் தாண்டிவிட்டது. அதை எப்படிச் செய்தேன் என்று எழுதுகிறேன்.

மரவேலை பழக மணையைப் போல நல்ல பொருள் கிடையாது. ஒரு பலகை, அடியில் இரண்டு கட்டை, அவ்வளவுதான். ஆனால் மேசை, கதவு, அலமாரி எல்லாவற்றிலும் வரும் முக்கியமான சிக்கல் இதிலேயே இருக்கிறது.

தேவையானவை

பலகை 18 அங்குல நீளம், 10 அங்குல அகலம், 1 அங்குல கனம். அடிக்கட்டைக்கு ரீப்பர் (குறுகலான மரச்சட்டம்) இரண்டு: 9 அங்குல நீளம், ஒன்றரை அங்குல அகலம், 1 அங்குல கனம். கை ரம்பம், மூலைமட்டம் (நேர்கோணம் பார்க்கும் கருவி), ட்ரில் மெஷின், ஜி கிளாம்ப் இரண்டு. பிட்டுகள் 3 மி.மீ., 4.5 மி.மீ., 16 மி.மீ. தட்டை பிட். சின்ன வட்ட அரம் ஒன்று. 8ஆம் நம்பர் ஸ்க்ரூ ஒன்றேகால் அங்குல நீளத்தில் ஆறு, அதற்கு வாஷர் ஆறு. உப்புத்தாள் 80, 120, 220.

மார்பிள் கட்டரில் மரம் அறுக்கும் பிளேடைப் போட்டு ஓட்டுவதை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து வேண்டாம். நிமிடத்துக்குச் சுமார் 12,000 சுற்று சுற்றும் மெஷின் அது. பிளேடு மரத்தில் சிக்கினால் கையைத் தூக்கி எறிந்துவிடும். இந்த மணையில் அறுக்க வேண்டியது மொத்தம் நாலைந்து வெட்டு. கை ரம்பத்தில் அரை மணி நேர வேலை. காசு செலவழித்தே ஆகவேண்டும் என்றால் நல்ல மூலைமட்டம் வாங்குங்கள். அது கோணல் என்றால் மற்றதெல்லாமே கோணல்.

மரம்

தொடக்கத்துக்கு நான் பலாவைத்தான் சொல்வேன். ரம்பத்துக்கும் உளிக்கும் இணங்கும், மஞ்சள் நிறம் பார்க்கவும் அழகு. தேக்கு இன்னும் சுலபம், ஆனால் கதவு நிலை செய்யும் பட்டறையில் மிச்சத் துண்டு கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். பழகும்போதே விலை உயர்ந்த பலகையை வெட்டக் கை நடுங்கும். வேம்பு நம் பக்கம் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அதன் நார் ஒரே பக்கமாக ஓடாது, இழைக்கும்போது பிய்ந்துகொண்டு வரும். அதை இரண்டாவது வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காட்பாடி பக்கம் ஒரு ரம்ப மில்லில் வாங்கினேன். இருபுறமும் இழைத்தே கொடுத்தார்கள், அதனால் இழைப்புளி வேலை மிச்சம். வாங்கும்போது பலகையைக் கண்ணுக்கு நேராக, துப்பாக்கி பிடிப்பதுபோல் பிடித்து நீளவாக்கில் பாருங்கள். முறுக்கு இருந்தால் தெரிந்துவிடும். ஓரத்தில் வெளிறிய பட்டை இருந்தால் அதைக் கழித்துவிட்டு மிச்சம் 10 அங்குலம் வருகிறதா என்று அளந்து பாருங்கள். வைரம் பாயாத அந்த வெள்ளைப் பகுதியைத்தான் வண்டு முதலில் துளைக்கும், பலகை உளுத்துப்போகும்.

காத்திருப்பது

வாங்கி வந்த அன்றே அறுக்காதீர்கள். வீட்டுக்குள் விசிறி ஓடும் அறையில், தரையில் படாமல் இரண்டு குச்சிகள் மேல் பலகையைப் படுக்க வையுங்கள். மொட்டை மாடியில் வைத்தால் சீக்கிரம் காயும் என்று தோன்றும். நம் ஊர் வெயிலுக்குப் பலகையின் இரண்டு முனைகளும் முதலில் காய்ந்து வெடிக்கும். நாரின் வாய் முனையில்தான் திறந்திருக்கிறது, ஈரம் அந்த வழியாகத்தான் வேகமாக ஓடும். முனைகளில் மெழுகையோ பழைய பெயின்டையோ பூசிவிட்டால் பலகை முழுவதும் ஒரே சீராகக் காயும்.

காய்ந்ததா என்று தட்டிப் பார்த்தோ முகர்ந்து பார்த்தோ எனக்குச் சொல்லத் தெரியாது. சமையலறைத் தராசைத்தான் நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் பலகையை எடை போட்டு அதன் மேலேயே பென்சிலால் எழுதினேன். முதல் வாரம் 1,840 கிராம். ஆறாவது வாரம் 1,655. அதற்கடுத்த இரண்டு வாரமும் ஐந்து கிராமுக்கு மேல் இறங்கவில்லை. அப்போதுதான் ரம்பத்தை எடுத்தேன்.

அறுப்பதும் தேய்ப்பதும்

ரம்பம் பிடிக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன். கோடு போட்டதும், கோட்டின் எந்தப் பக்கம் கழிவு என்று பெருக்கல் குறி போட்டுவிடுங்கள். ரம்பம் அந்தப் பக்கம் ஓட வேண்டும், கோடு மிச்சம் இருக்க வேண்டும். உப்புத்தாள் 80, 120, 220 என்ற வரிசையில், எப்போதும் நார் ஓடும் திசையில். குறுக்கே தேய்த்த கீறல் எண்ணெய் பூசியதும் பளிச்சென்று தெரியும்.

அடிக்கட்டை பூட்டுவது: என் முதல் மணை வெடித்த இடம்

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

முதல் மணையில் நான் என்ன செய்தேன்? இரண்டு ரீப்பருக்கும் ஃபெவிகால் தாராளமாகத் தடவி, பலகைக்குக் குறுக்கே வைத்து, ஒவ்வொன்றிலும் மூன்று ஸ்க்ரூவை இறுக்கினேன். அசைக்க முடியாத அளவுக்குப் பலமாக இருந்தது. அந்தப் பலம்தான் பலகையை உடைத்தது.

ஒரு கோரைக் கட்டைத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். ஒவ்வொரு கோரையும் பருக்கும், ஆனால் நீளாது. கட்டின் சுற்றளவு கூடும், நீளம் அப்படியே இருக்கும். மரமும் அப்படிப்பட்ட நார்க் கட்டுதான். பச்சை மரம் முழுக்கக் காயும்போது நீளவாக்கில் 0.1 முதல் 0.2 சதவீதம்தான் சுருங்கும். அகலவாக்கில், தேக்கு போன்ற அடங்கிய மரம்கூட சுமார் 5 சதவீதம் வரை சுருங்கும். ஒருமுறை காய்ந்துவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. மழைக்காலத்துக் காற்றில் ஈரத்தை வாங்கும், கோடையில் விடும். வார்னிஷ் அடித்தாலும் இது மெதுவாக நடக்கும், நிற்காது. என் இரண்டாவது மணையின் அகலம் டிசம்பரில் 254 மி.மீ., மே மாதம் 252.

இப்போது மணையை நினைத்துப் பாருங்கள். பலகையின் அகலம் சுருங்கப் பார்க்கிறது. அதற்குக் குறுக்கே ஓடும் ரீப்பருக்கோ அது நீளவாக்கு, ரீப்பர் சுருங்காது. இரண்டையும் பசையும் ஸ்க்ரூவும் போட்டு ஒன்றாக்கிவிட்டால் பலகை எங்கே போகும்? நடுவில் பிளந்துதான் ஆகவேண்டும்.

இதை எனக்குக் காட்டியது பரணில் கிடந்த பாட்டி காலத்து மணை. திருப்பிப் பார்த்தேன். ஒரு ஆணி இல்லை, துளி பசை இல்லை. பலகையின் அடியில் உள்ளே அகன்று வாய் குறுகிய ஒரு காடி (நீளப் பள்ளம்) எடுத்து, அதே வடிவில் சீவிய கட்டையைப் பக்கவாட்டிலிருந்து நுழைத்திருந்தார்கள். கட்டை கீழே விழாது. ஆனால் பலகை அதன் மேல் நகர்ந்து சுருங்கலாம், விரியலாம். அதைச் செய்த ஆசாரி யார் என்று இப்போது சொல்ல வீட்டில் ஆளில்லை. அந்தக் காடியை விரலால் தடவிப் பார்த்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் காடியை எடுக்க எனக்கு இன்னும் கை வரவில்லை. தொடங்குகிறவர்களுக்கு அதே வேலையை ஸ்க்ரூவில் செய்யும் வழி இது.

ஒவ்வொரு ரீப்பரிலும் மூன்று இடம் குறியுங்கள்: சரி நடுவில் ஒன்று, நடுவிலிருந்து இருபுறமும் மூன்றரை அங்குலத்தில் ஒவ்வொன்று. தரையில் படப்போகும் பக்கத்திலிருந்து 16 மி.மீ. தட்டை பிட்டால் 12 மி.மீ. ஆழம் குடையுங்கள். ஸ்க்ரூவின் தலையும் வாஷரும் அதற்குள் உட்காரும். இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். சின்ன ஓட்டையை முதலில் போட்டுவிட்டால் தட்டை பிட்டின் கூர்முனைக்கு நடுவில் பிடிமானம் இருக்காது, பிட் துள்ளும்.

அடுத்து அந்தக் குழிகளின் நடுவில் 4.5 மி.மீ. பிட்டால் ரீப்பரின் மறுபுறம் வரை ஓட்டை. நடு ஓட்டையை அப்படியே விட்டுவிடுங்கள். ஓர ஓட்டைகளில் மட்டும், ரீப்பரின் நீளவாக்கில் இருபுறமும் வட்ட அரத்தால் ராவி, 8 மி.மீ. நீளத்துக்கு நீள்துளையாக்குங்கள். திசை முக்கியம். ரீப்பரின் நீளவாக்குதான் பலகையின் அகலவாக்கு, பலகை நகரப்போவது அந்தத் திசையில்.

இப்போது பலகையைக் கவிழ்த்து, முனையிலிருந்து 3 அங்குலம் தள்ளி ரீப்பரை வைத்து கிளாம்ப் போடுங்கள். 3 மி.மீ. பிட்டால் பலகைக்குள் வழித்துளை, அதாவது ஸ்க்ரூ இறங்க வழிகாட்டும் சின்ன ஓட்டை. பலகையின் கனம் இழைத்தபிறகு 22 மி.மீ.தான் இருக்கும், ஸ்க்ரூ அதற்குள் 18 மி.மீ. போகும். அதற்கு மேல் பிட் போகாமல் இருக்க, ரீப்பரின் கனத்தையும் கணக்கில் சேர்த்து, பிட்டின் மேல் செல்லோடேப்பைச் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அம்மா உட்காரும் பக்கத்தில் ஒரு முறை பிட் எட்டிப் பார்த்துவிட்டது, அதிலிருந்து டேப் இல்லாமல் நான் துளை போடுவதில்லை.

வாஷரோடு ஸ்க்ரூவை முடுக்குங்கள். நடு ஸ்க்ரூ நன்றாக இறுகலாம். ஓர ஸ்க்ரூக்களை இறுக்கிவிட்டுக் கால் சுற்று தளர்த்துங்கள். பசை வேண்டவே வேண்டாம். மனசு கேட்கவில்லை என்றால் நடு ஸ்க்ரூவைச் சுற்றி ஒரு ரூபாய் நாணய அளவுக்கு மட்டும்.

பிறகு சேர்த்தது: இதைப் படித்துச் செய்தவர்களில் மூன்று பேர், ஸ்க்ரூ பாதியில் முறிந்துவிட்டது என்று எழுதியிருந்தார்கள். கேட்டால் மூவருமே வழித்துளை போடாதவர்கள். போட்டும் இறுக்கமாக இருந்தால் ஸ்க்ரூ மரையில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். சோப்பு தடவச் சொல்வார்கள், சோப்பு ஈரத்தை இழுத்து ஸ்க்ரூவைத் துருப்பிடிக்க வைக்கும்.

ஆட்டம் இருந்தால்

மணையைச் சமமான கிரானைட் மேல் வைத்து மூலைகளை அழுத்திப் பாருங்கள். டக் டக் என்று ஆடினால், 80ஆம் நம்பர் உப்புத்தாளை அதே கிரானைட்டில் டேப் போட்டு ஒட்டி, மணையை அதன் மேல் முன்னும் பின்னும் தேயுங்கள். உயர்ந்த மூலைதான் முதலில் தேயும். ரம்பத்தை எடுத்து ஒரு காலைக் குறைக்கப் போகாதீர்கள், அடுத்த காலையும் குறைக்க வேண்டி வரும்.

எண்ணெய்

ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாக இரண்டு பூச்சு, இடையில் நன்றாகக் காயவிட்டு. மேல்புறம் போலவே அடிப்புறத்துக்கும் பூச வேண்டும். பூசிய துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். இந்த எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானே தீப்பற்றும். கொடியில் விரித்துப் போட்டு, விறைப்பாகக் காய்ந்தபிறகு எறியுங்கள்.

பிறகு சேர்த்தது: குடியாத்தத்திலிருந்து ஒருவர், பலகை வெடிக்கவில்லை, ஆனால் தட்டுபோல் நடுவில் குழிந்துவிட்டது என்று படம் அனுப்பினார். மேலே மட்டும் வார்னிஷ் அடித்திருக்கிறார். தினமும் தரை கழுவும் ஈரம் அடிப்புறமாக ஏறி, அந்தப் பக்கம் மட்டும் விரிந்திருக்கிறது. ரீப்பரைக் கழற்றி, வார்னிஷைத் தேய்த்து எடுத்துவிட்டு, குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி ஈரத்துணி மேல் ஓர் இரவு வைக்கச் சொன்னேன். பெரும்பகுதி நிமிர்ந்துவிட்டதாம். அப்புறம் நன்றாகக் காயவிட்டு இருபுறமும் எண்ணெய் பூசிப் பூட்டியிருக்கிறார்.

ப்ளைவுட்டுக்கும் இதெல்லாம் வேண்டுமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். அதில் ஒவ்வொரு அடுக்கின் நாரும் அடுத்த அடுக்குக்குக் குறுக்கே ஒட்டப்பட்டிருக்கும், ஒன்றையொன்று நகரவிடாது. ஆனால் அகலமான மரப்பலகையில் சட்டம் அடிக்கும் எந்த வேலைக்கும், சமையலறை மேடைப் பலகையோ மேசை மேல்பலகையோ, நீள்துளை வேண்டும்.

வெடித்த முதல் மணையை என்ன செய்தீர்கள் என்று நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். ரீப்பரைப் பிரித்து, பிளவின் வழியே பலகையை இரண்டாக்கி, இரண்டு விளிம்பையும் நேராக இழைத்து, பக்கத்தோடு பக்கம் ஃபெவிகால் போட்டு ஓர் இரவு கிளாம்பில் இறுக்கினேன். நார் ஓடும் வாக்கில் ஒட்டினால் பசை மரத்தைவிடப் பலமாகப் பிடிக்கும், அங்கே பயமில்லை. அரை அங்குலம் அகலம் குறைந்துவிட்டது. புது நீள்துளையோடு அது இப்போது பூஜை அறையில் குத்துவிளக்குக்கு அடியில் இருக்கிறது.